ஒரு மில்லிமீட்டர்

இரண்டு பத்து. குழாயைத் தாங்கியில் நிறுத்தியாகிவிட்டது, மேல் திருகை முறுக்கியாகிவிட்டது, நேரத்தை நோட்டில் எழுதியாகிவிட்டது. இனி மூன்று பத்து வரைக்கும் எனக்கு இதில் செய்ய ஒன்றுமில்லை. ரத்தம் தானாகத் தாழ வேண்டும். சிவப்பு கீழே இறங்கும், மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்கும், ஒரு மணி நேரத்தில் சிவப்பு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று பார்த்து எழுதுவேன், அவ்வளவுதான் சோதனை. சீட்டில் இ.எஸ்.ஆர். என்று மூன்று எழுத்தில் எழுதி அனுப்புவார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் மெஷின் வந்துவிட்டது. இதற்கும் வந்திருக்கிறதாம், எங்கள் முதலாளி வாங்கவில்லை. நல்லதுதான், ஒரு வேலையாவது கண்ணால் பார்த்துச் செய்ய மிச்சமிருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்று அப்படி நினைக்க முடியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், பெஞ்சில், ஈரக்குடையை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் அக்கா. குழாயில் இருப்பது அவள் ரத்தம். நாங்கள் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. ரசமட்டத்தைப் பார்த்தேனா? பார்த்திருப்பேன். தாங்கியின் அடிப்பலகையில் பதித்திருக்கிற அந்தச் சின்னக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்காமல் நான் எந்தக் குழாயையும் வைத்ததில்லை.

அவள் உள்ளே வந்தபோது முதலில் குடையைத்தான் பார்த்தேன். ஆண்கள் வைத்திருக்கிற நீளக்குடை, வளைந்த மரக்கைப்பிடி. அத்தானுடைய குடை. அதற்குப் பிறகுதான் முகம். சீட்டைச் சன்னல் வழியாக நீட்டினாள். நானும் யாரோ ஒருத்தி நீட்டியதுபோல வாங்கிக்கொண்டு, "பேரு?" என்று கேட்டுவிட்டேன். வாய்ப்பழக்கம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கிற வாய். "ஏன், எம் பேரு மறந்துபோச்சா ஒனக்கு?" என்றாள். "நோட்டுல எழுதணும்." "எழுது. உலகம்மாள். வயசு அறுபது. வீட்டுக்காரர் பேரு வேணுமா? அதும் எழுதுவியா?" "வேண்டாம்." எப்போதும் போகிற இடத்தில் மெஷின் ரிப்பேராம், நாளைக்கு வா என்று சொல்லிவிட்டார்களாம், டாக்டர் இன்றைக்கே வேண்டும் என்றாராம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, சுவரில் இருந்த காலண்டரிடம் சொன்னாள். ஒரு மாதமாகச் சாயங்காலக் காய்ச்சல், கைமூட்டு வலி. அதையும் காலண்டரிடம்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். ரப்பர் பட்டையைக் கட்டினேன். முழங்கை மடிப்பில் நரம்பு எழும்பி வந்தது, பச்சையாக, லேசாக ஒரு வளைவு வளைந்து. என் கையிலும் அதே இடத்தில் அதே வளைவு. நான் விரலை அதன்மேல் வைத்தபடி இருந்திருக்கிறேன் போலிருக்கிறது. "குத்து," என்றாள். "ஒனக்குக் குத்தவா தெரியாது."

பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்தவள் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். ஒரு மணி நேரம் என்றேன். "மூணரை பஸ்ஸுக்கு இலஞ்சி போயிரணும். அப்பளத்த ஃபேனுக்கு அடியில போட்டுட்டு வந்திருக்கேன், இந்தச் சாரல்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும்," என்றாள். அதுதான் அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஒரே வாக்கியம். அத்தான் போனபிறகு அவள் அப்பளம்தான் போடுகிறாள். எனக்குத் தெரியும். தெற்கு மாசி வீதி மூலையில் இருக்கிற கடையில் அவள் அப்பளக் கட்டு விற்கிறது. மஞ்சள் நூல் சுற்றி, அடியில் இலஞ்சி என்று ரப்பர் முத்திரை குத்தி. மாதம் இரண்டு கட்டு வாங்குகிறேன். ஒரு ஆளுக்கு மாதம் இரண்டு கட்டு அப்பளம் எதற்கு என்று கடைக்காரர் ஒரு நாள் கேட்டார், பிடிக்கும் என்று சொன்னேன். ராத்திரிச் சோற்றுக்கு ஒன்று பொரிப்பேன். ஒரு அப்பளத்துக்காகக் காய்கிற எண்ணெய் போடுகிற சத்தம்தான் என் வீட்டில் அந்த நேரத்தில் கேட்கிற சத்தம். மிச்சம் அலமாரியில் இருக்கிறது, கட்டுக் கட்டாக. போன வருஷத்துச் சாரலில் பாதி ஒட்டிப்போய்விட்டது. தூக்கிப்போடவில்லை.

இரண்டு பதினெட்டு. ஒன்பதில் நிற்கிறது. எட்டு நிமிடத்தில் ஒன்பது என்றால் வேகம்தான். பார்க்கக் கூடாது, மணி நேரம் முடிந்ததும் பார்த்தால் போதும், நடுவில் பார்ப்பதால் ரத்தத்துக்கு ஒன்றும் ஆகாது, பார்க்கிறவளுக்குத்தான் ஆகும். ஏன் இறங்குகிறது என்று யாருக்காவது சொல்ல வேண்டி வந்தால் அக்காவுக்கு அப்பளத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். யாரும் கேட்டதில்லை. ரத்தத்தில் இருக்கிற சிவப்பணு ஒவ்வொன்றும் ஒரு குட்டி அப்பளம், நடுவில் கொஞ்சம் குழிந்தது. அதன் மேல்தோலில் மின்னூட்டம் இருக்கிறது, எதிர் மின்னூட்டம், எல்லா அணுவிலும் ஒரே மாதிரி. ஒரே மின்னூட்டம் உள்ள இரண்டு பொருள் ஒன்றையொன்று தள்ளும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அப்படித் தள்ளித் தள்ளி நிற்பதால்தான் அத்தனை கோடி அணுவும் ஒட்டாமல் மிதக்கின்றன, ரத்தம் ரத்தமாக ஓடுகிறது. அப்பளத்துக்கு நடுவே தூவுகிற அரிசி மாவு மாதிரி அந்த மின்னூட்டம். உடம்பில் காய்ச்சலோ வீக்கமோ வந்தால் ரத்தத்தில் வேறு புரதங்கள் பெருகி அணுக்களுக்கு நடுவே போய் நிற்கும். தள்ளும் சக்தி எட்டாது. மாவு தீர்ந்த அப்பளம்போல ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் கட்டாகிவிடும். தனி அணு மெதுவாக இறங்கும், கட்டு வேகமாக இறங்கும். அவ்வளவுதான் விஷயம். சித்தாற்றில் செந்தண்ணீர் வரும்போது அம்மா குடத்தில் படிகாரத்தை இரண்டு சுற்றுச் சுற்றுவாள், சேறு அடியில் போய்ப் படியும், அதுவும் இதே கணக்கு. சேற்றுத்துகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டுதான் மிதக்கிறது, படிகாரம் அந்தத் தள்ளலை அழித்துவிடுகிறது. சவரம் செய்து வெட்டுப்பட்ட இடத்தில் அத்தான் தேய்த்துக்கொள்வதும் அதே படிகாரக்கல். அவருக்கு வெட்டுப்பட்டால் ரத்தம் சொட்டாது. குமிழியாக நின்று கறுத்துவிடும். அதையும் பார்த்திருக்கிறேன். எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

அத்தானைப் பற்றி நினைக்காமல் இந்த ஒரு மணி நேரத்தைக் கழிக்கலாம் என்று இருந்தேன். பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. செங்கோட்டை மரக்கடையில் கணக்கப்பிள்ளை, பூசைத்துரை என்றால் தெரியாதவர்கள் இல்லை. முகம் செக்கச்செவேல் என்று இருக்கும், வெற்றிலை போட்டதுபோல உதடு. ஊரெல்லாம் சீசனுக்குக் குற்றாலத்துக்கு ஓடும், இவர் மட்டும் அருவிக்கு வரமாட்டார். "தண்ணி பட்டா ஒடம்பெல்லாம் அரிக்கு" என்பார். குளித்துவிட்டு வந்து அரைமணி நேரம் தூணில் முதுகைத் தேய்ப்பார். அக்கா சிரிப்பாள், "அருவிக்குப் பக்கத்துல பொறந்துட்டுத் தண்ணி சேராதுன்னா சொல்லுவாவ, மாடு கூட இவ்வளவு தேய்க்காது." நானும் சிரித்தேன். என் படிப்பில் ஒரு வரி இருந்தது. குளித்தபின் அரிப்பு, சிவந்த முகம், தலைவலி. இவை மூன்றும் சேர்ந்தால் ரத்தத்தில் சிவப்பணு பெருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று. அந்த வரி பக்கத்தின் இடது புறத்தில், கீழிருந்து நான்காவதாக இருந்தது. எங்கே இருந்தது என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. வேண்டிய நேரத்தில் வரி ஞாபகம் வரவில்லை.

இரண்டு இருபத்தைந்து. இருபது. அக்கா குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுகிறாள். ஊசி குத்திய கை வலிக்கிறதோ. வெளியே போய்க் கேட்கலாம். அக்கா, வலிக்கா என்று. இரண்டு சொல். கதவு வரைக்கும் ஆறு அடி. போனால் இரண்டு சொல்லோடு நிற்காது, அதனால்தான் போகவில்லை. அவளிடம் சொல்ல வேண்டிய ஒன்றைப் பதினோரு வருடமாகச் சொல்லாமல் இருக்கிறேன். இந்த மணி நேரம் முடிந்து அவள் சீட்டை வாங்கிக்கொண்டு மூன்றரை பஸ்ஸில் போய்விட்டால் அப்புறம் எப்போதும் சொல்லப்போவதில்லை, அவள் எப்போதும் போகிற இடத்து மெஷினை நாளைக்கு ரிப்பேர் பார்த்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் என்ன? பதினோரு வருடம் சொல்லாமல் இருந்து பழகியாயிற்று. பழகிவிட்டதா? தெருவில் இலஞ்சி பஸ் போனால் சன்னல் ஓரத்து முகங்களைப் பார்ப்பது, அவள் இருந்துவிட்டால் தலையைக் குனிந்துகொள்வது, இதைப் பழக்கம் என்றுதானே சொல்ல வேண்டும்.

அன்றைக்கும் மதியம்தான். அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அத்தானுக்கு ஒரு மாதமாகத் தலைவலி, டாக்டர் நாலைந்து சோதனை எழுதிக்கொடுத்திருந்தார். அவர் போகவே இல்லை, மரக்கடையில் ஆள் இல்லை என்று சாக்கு. "ஏ குழலு, நீதான் ஊரு பூரா ரத்தம் எடுக்கியே, வீட்டு மனுசருக்கு ஒரு சொட்டு எடுத்துப் பாரேன்," என்றாள் அக்கா. என் பையில் ஊசியும் மருந்து ஊற்றிய குப்பியும் இருந்தன, இன்னொரு வீட்டில் எடுப்பதற்காகக் கொண்டுபோனது. எடுத்தேன். ரத்தம் மெதுவாக வந்தது. கறுப்பாக, நல்லெண்ணெய் மாதிரி. இங்கே வந்து குழாயில் உறிஞ்சி ஏற்றும்போதும் கஷ்டப்பட்டுத்தான் ஏறியது, கன்னம் வலித்தது, அப்போதெல்லாம் வாயால்தான் உறிஞ்சுவோம். கெட்டியாக இருக்கிறதே என்று நினைத்தேன். அதை நினைத்தேன் என்பதுதான். நினைக்காமல் இருந்திருந்தால் தெரியாமல் செய்த பிழை என்று போகும். நினைத்துவிட்டு, தாங்கியில் நிறுத்திவிட்டு, டீ குடிக்கப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் சிவப்பு இறங்கவே இல்லை. ஒரு மில்லிமீட்டர். நூறு இறங்கியிருந்தால் பதறியிருப்பேன். ஒன்று என்றால் யார் பதறுவார்கள்? எங்கள் தொழிலில் இந்த எண் கூடினால்தான் பயம். குறைந்தால் ஆரோக்கியம். அப்படித்தான் முப்பது வருடமாகக் கண் பழகியிருக்கிறது. ஆனால் தேரோட்டக் கூட்டத்தில் மயக்கம் போட்டவனும் கீழே விழமாட்டான், விழ இடம் இருக்காது. அணுக்கள் அவ்வளவு நெரிசலாக இருந்தால் அவை எப்படி இறங்கும்? இறங்காததற்கு அதுவும் ஒரு காரணம். படித்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன்.

சாயங்காலம் போன் போட்டுச் சொன்னேன். "அத்தான், ஒரு மில்லிமீட்டர்தான். ஒங்க ரத்தம் தொட்டில் பிள்ளை ரத்தம். நூறு வயசு இருப்பிய." அவர் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே கேட்டது. மரக்கடையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார், "எங் கொழுந்தியா டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டா, எனக்குத் தொட்டில் பிள்ளை ரத்தம்." டாக்டர் எழுதிய சீட்டைக் கிழித்துக் காது குடைந்ததாக அக்கா பிறகு சொன்னாள், அதையும் சிரித்துக்கொண்டுதான். நாற்பத்தோரு நாள். நாற்பத்திரண்டாம் நாள் காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே சரிந்தார். மூளையில் ரத்தக்கட்டு. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். மூன்று நாள்.

இரண்டு நாற்பது. நாற்பத்தொன்று. அரைமணி நேரத்தில் நாற்பத்தொன்று. மணி முடியும்போது தொண்ணூறைத் தாண்டும். அக்காவுக்குத் தொண்ணூறு. சாயங்காலக் காய்ச்சல், மூட்டுவலி, அதோடு தொண்ணூறு என்றால் டாக்டர் என்னென்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியும், அந்தப் பட்டியல் முழுவதும் தெரியும், ஒவ்வொன்றும் வரிசையாக வந்து முன்னால் நிற்கிறது. எனக்கு மூத்தவள், என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள். என் கையால் வைத்த குழாயில் என் கண்ணுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருக்கிறாள். இந்த முறையும் நான்தான் எண்ணைச் சொல்ல வேண்டுமா? வேறு ஆள் இல்லையா இந்த ஊரில்? அத்தானுக்கு ஒன்று, அக்காவுக்குத் தொண்ணூறு. ஒன்று என்றபோது சிரித்தேன். தொண்ணூறை எந்த முகத்தோடு சொல்வது?

அந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு டாக்டர், வயது இருபத்தாறு இருக்கும், மீசை சரியாக முளைக்கவில்லை, கையில் தாளோடு வந்தார். அக்கா வெந்நீர் பிடிக்கப் பிளாஸ்க்கோடு போயிருந்தாள். "ஹீமோகுளோபின் இருபத்திரண்டு. இவ்வளவு கெட்டி ரத்தம், வருஷக்கணக்கா இருந்திருக்கும். முன்னாடி யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கலையாம்மா?" என்று கேட்டார். குற்றம் சொல்லவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "இல்லை," என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார். அந்தத் தாளில் இன்னும் அந்த 'இல்லை' இருக்கும். அக்கா பிளாஸ்க்கோடு திரும்பி வந்தாள், டாக்டர் என்ன சொன்னாவ என்று கேட்டாள். பார்க்கணும்னு சொன்னார் என்றேன். அன்று சாயங்காலம் அத்தான் போய்விட்டார். சுடுகாட்டுக்குத் தூக்கும் வரைக்கும் இருந்தேன். அதற்குப்பிறகு அந்த வீட்டுப் படியேற முடியவில்லை. பதினாறாம் நாளுக்குப் போகவில்லை. சேலையெல்லாம் உடுத்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். இலஞ்சி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. "எம் புருசன் கருமாதிக்கு வராதவ எனக்குத் தங்கச்சியா," என்று அக்கா சொன்னதாகச் சொன்னார்கள். நியாயம்தான். அவள் கோபித்துக்கொண்டதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. தப்பான காரணத்துக்காக என்னை வெறுத்தாள், சரியான காரணத்தை நான் வைத்துக்கொண்டேன்.

தள்ளி நிற்பதுதான் ஆரோக்கியம் என்று ஒரு காலத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அணுக்கள் தள்ளி நிற்கவில்லையா, ஒட்டினால்தானே வியாதி என்று. ராத்திரி அப்பளம் பொரிக்கும்போது தோன்றும் தத்துவம். அது பொய் என்று எனக்கே தெரியும். இதே எதிர் மின்னூட்டம்தான் கண்ணாடியின் மேலும் இருக்கிறது. நரம்புக்குள் சும்மா ஓடிக்கொண்டிருந்த ரத்தம் வெறும் கண்ணாடிக் குழாயைத் தொட்டதும் அந்த மின்னூட்டத்தில் விழித்துக்கொண்டு உறைய ஆரம்பித்துவிடும், ஐந்தாறு நிமிடத்தில் கட்டி. உறையாமலிருக்கத்தான் குப்பியில் மருந்து ஊற்றி வைக்கிறோம். அணுவின்மேல் இருந்தால் சேரவிடாமல் காக்கிறது, கண்ணாடியின்மேல் இருந்தால் உறையவைக்கிறது. மின்னூட்டத்துக்கு ஒரு நீதியும் தெரியாது. அதிலிருந்து நமக்குச் சௌகரியமான பாதியை எடுத்துக்கொண்டு வாழ்க்கைக்குப் பொருத்திக்கொள்வது, படித்தவர்கள் செய்கிற ஏமாற்று. நான் தள்ளி நின்றது ஆரோக்கியத்துக்காக இல்லை. பயம். அது ஒன்றுதான்.

இரண்டு நாற்பத்தாறு. ஐம்பத்தி... ஐம்பத்தி எத்தனை? கோடு சரியாகத் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். சிவப்பு முடிந்து மஞ்சள் தொடங்குகிற கோடு ஒரு பக்கம் ஐம்பத்தொன்றில் இருக்கிறது, இன்னொரு பக்கம் ஐம்பத்தைந்தில். சரிவாக. கண்தான் அப்படி என்று தலையைச் சாய்த்துப் பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன். சரிவுதான். குனிந்து ரசமட்டத்தைப் பார்த்தேன். குமிழி நடுவில் இல்லை. வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. தாங்கியின் இடது கால் திருகு மரை தேய்ந்துபோனது, கீழே மருந்துப் பெட்டி அட்டையை நாலாக மடித்து வைத்திருப்பேன், நாலு வருடமாக அந்த அட்டைதான் தாங்கியை நேராக வைத்திருக்கிறது. அட்டை இல்லை. பன்னிரண்டு மணிக்கு, பெருக்கித் துடைக்க வருகிற பேச்சித்தாய் மேசையைத் துடைத்தாள், குப்பை என்று எடுத்துப் போட்டிருப்பாள். அவள்மேல் தப்பில்லை. மடித்த அட்டை யாருக்கும் குப்பைதான். குமிழியைப் பார்த்திருக்க வேண்டியவள் நான். பார்த்திருப்பேன், பார்த்திருப்பேன் என்று முப்பத்தாறு நிமிடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பார்க்கவில்லை. அக்காவின் நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழாய் மூன்று டிகிரி சாய்ந்தால் போதும், எண் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். சாய்ந்த குழாயில் அணுக்கள் கண்ணாடிச் சுவரில் சறுக்கிக்கொண்டு சீக்கிரம் இறங்கிவிடும். இது எத்தனை டிகிரி என்று யாருக்குத் தெரியும். ஆக, தொண்ணூறு தொண்ணூறு இல்லை. அறுபதாக இருக்கலாம். நாற்பதாக இருக்கலாம். கொஞ்சம் மூச்சு வந்தது. மூச்சு வந்த கையோடு இன்னொன்றும் வந்தது. குத்துமதிப்பாகக் குறைத்து அறுபது என்று எழுதிக் கொடுத்துவிடலாம். யாருக்குத் தெரியும்? எத்தனையோ இடத்தில் அரைமணி பார்த்து இரண்டால் பெருக்கி எழுதுகிறார்கள். மூன்றரை பஸ்ஸுக்கு அவள் போய்விடுவாள், அப்பளம் ஒட்டாது. என் கை நோட்டுப் பக்கம் போகவும் செய்தது. பேனா மூடியைக் கழற்றினேன். உலகம்மாள், 60 என்று என் எழுத்திலேயே இருந்தது. அதற்கு நேராக வெற்றுக் கட்டம். அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தானுக்கு நோட்டில் கட்டம்கூடக் கிடையாது. வீட்டு மனுசர் என்று எழுதவே இல்லை.

குப்பியில் மிச்ச ரத்தம் இருந்தது. மெதுவாகப் பத்துத் தடவை கவிழ்த்து நிமிர்த்தினேன். புதுக் குழாய் எடுத்தேன். புது அட்டையை மடித்து, பத்தாமல் இன்னொரு மடிப்பு மடித்து, இடது காலுக்குக் கீழே செருகினேன். குமிழி அசைந்து அசைந்து நடுவுக்கு வந்தது. அது நிற்கும்வரை பார்த்தேன். ரத்தத்தைப் பூச்சியக் கோடு வரை ஏற்றிக் குழாயை நிறுத்தினேன். இரண்டு ஐம்பத்தெட்டு. பழைய நேரத்தை ஒரு கோடு அடித்து, பக்கத்தில் புதிய நேரத்தை எழுதினேன். இனி மூன்று ஐம்பத்தெட்டு. அதை அவளிடம் சொல்ல வேண்டும். கரண்ட் போச்சு என்று சொல்லலாம். இந்தக் குழாய்க்குக் கரண்ட் வேண்டாம் என்பது அவளுக்குத் தெரியாது. கதவு வரைக்கும் ஆறு அடி. கதவின் கைப்பிடி ஜில்லென்று இருந்தது.

"யக்கா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சொல் அவளுக்கும் ஜில்லென்று இருந்திருக்க வேண்டும்.

"தாங்கி சாஞ்சிருக்கு. நான் பார்க்காம வச்சுட்டேன். அது காட்டுத எண்ணு தப்பு. மொதல்ல இருந்து வச்சிருக்கேன். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்."

"மூணரை பஸ்ஸு?"

"நாலு இருபதுக்கு ஒண்ணு இருக்கு."

"அப்பளம் பூரா ஒட்டிக்கிடும்," என்றாள். பிறகு, "ஒனக்குக்கூடத் தப்பு வருமாக்கும்," என்றாள். இளக்காரம்தான். ஆனால் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் இருந்தது. தெருவில் சாரல் விழுந்துகொண்டிருந்தது, சீசனுக்கு வந்தவர்கள் தலையில் துண்டோடு வேனில் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அத்தான் ரத்தத்தையும் நான் சரியாப் பார்க்கல," என்றேன். "எடுக்கும்போதே கெட்டியா இருந்துச்சு. கறுப்பா இருந்துச்சு. கெட்டியா இருக்கேன்னு நெனச்சேன். நெனச்சுட்டு விட்டுட்டேன். ஒரு மில்லிமீட்டர்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன்லா, அது நல்ல ரத்தம்னு அர்த்தம் இல்ல. அணு கூடிப்போயி எறங்க எடமில்லாம நின்னுருக்கு. அவுங்களுக்குக் குளிச்சா அரிச்சதும் அதுனாலதான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். பெரியாஸ்பத்திரியில டாக்டர் கேட்டாரு, முன்னாடி யாரும் ரத்தம் பார்க்கலையான்னு. நீ வெந்நி பிடிக்கப் போயிருந்த. இல்லைன்னு சொல்லிட்டேன். அதான் கருமாதிக்கு வரல. பஸ் ஸ்டாண்டு வர வந்தேன்."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பதினோரு வருடம் ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அக்கா குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலால் அந்த வளைவைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம். கத்துவாள் என்று நினைத்தேன். எழுந்து போவாள் என்று நினைத்தேன்.

"அன்னைக்கே தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பாவ?" என்று கேட்டாள்.

"ரத்தத்தை எடுத்து வெளிய விடுவாங்க. கொஞ்ச நாளைக்கு ஒருக்க."

"எவ்வளவு?"

"ஒரு பாட்டில்."

"ஆபரேசன் கீபரேசன்?"

"அதெல்லாம் இல்ல. கூட மாத்திரை குடுப்பாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இருந்திருப்பாவளா?"

இருந்திருக்க மாட்டார் என்று சொல்லலாம். யாராலும் சொல்ல முடியாது, எல்லாம் விதி என்று சொல்லலாம். அவளுக்கு ஆறுதல், எனக்கும் ஆறுதல். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், குழாயின் கோட்டை நான் பார்ப்பதுபோல.

"இருந்திருக்கலாம்," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைக்கவில்லை, துடைக்க ஒன்றும் இல்லை, அதெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். மூன்றரை ஆனதும் இலஞ்சி பஸ் வந்து எதிரே நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "இலஞ்சி, இலஞ்சி, ஏறு தாயி," என்று எங்கள் பெஞ்சைப் பார்த்துக் கூவினான். அக்கா குடையை ஊன்றினாள். எழுந்திருக்கப் போகிறாள் என்று என் உடம்பு முழுவதும் சொன்னது. அவள் ஊன்றிய குடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

பஸ் போய்விட்டது.

"மணி என்னட்டி?" என்றாள்.

"மூணு முப்பத்தி ஒண்ணு."

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"இருபத்தேழு நிமிசம்."

"பிறகு இங்க என்னத்துக்கு உக்காந்திருக்க? போய்ப் பாரு," என்றாள் அக்கா. "இந்த வட்டமாவது ஒழுங்காப் பாரு, குழலு."

உள்ளே வந்து தாங்கிக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். குமிழி நடுவில் நிற்கிறது. சிவப்பு இருபத்தி இரண்டில் இருக்கிறது, கோடு இரண்டு பக்கமும் ஒரே உயரம். நல்ல எண் இல்லை, பயங்கரமான எண்ணும் இல்லை, முடியும்வரை எதுவும் சொல்லக் கூடாது. கண்ணாடிக் கதவில் அக்காவின் முதுகு தெரிகிறது. அதை நான் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.